வர்ஜீனியா வுல்ஃபின் மூன்று நறுக்கு நோட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த நோட்டுகளைப் பற்றிய பேச்சு இது?

ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃப் 1931 முதல் 1937 வரை செய்தித்தாள்களை நறுக்கி ஒட்டிவைத்த மூன்று தொகுதிகளைப் பற்றியது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் 'மங்க்ஸ் ஹவுஸ் பேப்பர்ஸ்' என்ற தொகுப்பில் இவை இருக்கின்றன. பழைய பட்டியலில் இவற்றின் எண் பி.16.எஃப். ஆய்வுக் கட்டுரைகளில் இன்றும் இந்த எண்ணைத்தான் பார்ப்பீர்கள்.

1938 ஜூனில் அவர் வெளியிட்ட 'த்ரீ கினீஸ்' என்ற நூலுக்கு இந்த நோட்டுகள்தான் அடிமண். போரை எப்படித் தடுப்பது என்று கேட்ட ஒரு வழக்கறிஞருக்கு எழுதும் பதில் கடிதம் போல அமைந்தது அந்த நூல். கினி என்பது 21 ஷில்லிங், அதாவது ஒரு பவுனும் கூடவே ஒரு ஷில்லிங்கும். நாம் மொய் எழுதும்போது நூற்றியொன்று என்று வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நன்கொடையும் வழக்கறிஞர் கட்டணமும் அந்தக் காலத்தில் கினியில்தான் பேசப்பட்டன. பெண்கள் கல்லூரிக்கு ஒன்று, பெண்கள் தொழில்களில் நுழைய உதவும் சங்கத்துக்கு ஒன்று, போர் எதிர்ப்புச் சங்கத்துக்கு ஒன்று என்று மூன்று கினிகளை எந்த நிபந்தனையில் தரலாம் என்பதுதான் புத்தகம் முழுக்க நடக்கும் விவாதம்.

வுல்ஃப் நனவோடை நாவலாசிரியர் அல்லவா? அவரை அரசியல் எழுத்தாளர் என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். தமிழில் அவரை, மனதில் ஓடும் எண்ணங்களை அப்படியே எழுதிக்கொண்டு போகும் நனவோடை உத்தி வழியாகவும், பெண்ணுக்குத் தனி அறை வேண்டும் என்ற கட்டுரை வழியாகவும்தான் பெரும்பாலும் அறிந்திருக்கிறோம். உடல்நலம் குன்றிய, வீட்டுக்குள் ஒடுங்கிய, மென்மையான ஒருவர் என்ற சித்திரம் அதனால் எப்படியோ படிந்துவிட்டது. அது தப்பான சித்திரம் என்பது என் உறுதியான எண்ணம்.

1910இல் வாக்குரிமை இயக்கத்துக்காக உட்கார்ந்து உறைகளில் முகவரி எழுதியவர் அவர். ரிச்மண்டில் இருந்தபோது பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைக் கூட்டங்களை ஆண்டுக்கணக்கில் தன் வீட்டிலேயே நடத்தினார். பேச வருபவர்களை ஏற்பாடு செய்வதும் அவர் வேலைதான். 1935 அக்டோபரில் பிரைட்டனில் நடந்த தொழிற்கட்சி மாநாட்டுக்குப் போய் உட்கார்ந்து, போரே கூடாது என்ற கட்சித் தலைவர் லான்ஸ்பரியைத் தொழிற்சங்கத் தலைவர் எர்னஸ்ட் பெவின் பேச்சில் கிழித்துப்போட்ட காட்சியை நேரில் பார்த்தார். பிரிட்டனைப் பிடித்ததும் கைது செய்ய வேண்டியவர்கள் என்று 1940இல் நாஜிகள் தயாரித்த பட்டியலில் அவர் பெயரும் கணவர் லெனார்ட் பெயரும் இருந்தன.

அவர் மறுத்தவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கேம்பிரிட்ஜின் கிளார்க் சொற்பொழிவுகளை 1932இலும், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் கௌரவப் பட்டத்தை 1933இலும், அரச விருது ஒன்றை 1935இலும் வேண்டாம் என்றார். பெண்களை வாசலில் நிறுத்திவைத்த அமைப்புகள் நீட்டும் பொன்னாடையை வாங்கிக்கொண்டால் பிறகு அவற்றைக் கேள்வி கேட்க வாய் எழாது என்பது அவர் கணக்கு. மூன்று நோட்டுகளும் இந்த மறுப்புகளும் ஒரே ஏழு ஆண்டுகளுக்குள் வருவதைக் கவனியுங்கள்.

நறுக்குவதை எப்போது தொடங்கினார்?

1931 ஜனவரி 20ஆம் தேதி, குளித்துக்கொண்டிருந்தபோது ஒரு முழுப் புத்தகம் மனதில் விழுந்ததாக நாட்குறிப்பில் எழுதுகிறார். மறுநாள் லண்டனில், வேலை பார்க்கும் பெண்களின் சங்கம் ஒன்றில் அவர் பேச வேண்டியிருந்தது. அந்தப் பேச்சைத் தயாரித்த சூட்டில் பிறந்த யோசனை அது. ஓராண்டு கழித்து, 1932 பிப்ரவரியில், செயின்ட் பால் பேராலயத்தையே தகர்க்கும் அளவுக்கு வெடிமருந்து சேர்த்துவிட்டேன் என்று அதே நாட்குறிப்பில் எழுதினார். அந்த வெடிமருந்தில் பெரும்பங்கு செய்தித்தாள் துண்டுகள்.

முதலில் கதையும் கட்டுரையும் மாறி மாறி வரும் ஒரே நூலாகத்தான் திட்டமிட்டார். எழுத எழுத இரண்டும் ஒன்றையொன்று இடித்தன. கதைப் பகுதி 1937இல் 'தி இயர்ஸ்' நாவலாயிற்று. வாதப் பகுதி மறு ஆண்டு 'த்ரீ கினீஸ்' ஆனது. ஆக, இந்த நோட்டுகள் ஒரு நாவலுக்கும் ஒரு அரசியல் நூலுக்கும் சேர்த்தே தீனி போட்டவை.

நோட்டுக்குள் என்னதான் இருக்கிறது?

'டைம்ஸ்', 'டெய்லி டெலிகிராஃப்' போன்ற நாளிதழ்களின் செய்திகள், ஆசிரியருக்குக் கடிதங்கள், படங்கள். வாழ்க்கை வரலாறுகளிலிருந்து தட்டச்சு செய்து ஒட்டிய பத்திகள். சங்கங்கள் அனுப்பிய துண்டறிக்கைகள். நன்கொடை கேட்டும் கையெழுத்துக் கேட்டும் அவருக்கே வந்த கடிதங்கள். கையெழுத்தில் குறிப்புகள்.

விஷயங்கள் எங்கெங்கோ போகின்றன. பெண்களுக்கு வேலையில் குறைந்த சம்பளம், கல்லூரிகளில் பட்டம், தேவாலயத்தில் பெண் குருவாகலாமா என்ற சர்ச்சை, சீருடையும் பட்டயமும் அங்கியும் போட்ட ஆண்களின் படங்கள், ஜெர்மனியிலும் இத்தாலியிலும் தலைவர்கள் பேசிய பேச்சு. முதல் தடவை பார்ப்பவருக்கு மூட்டை கட்டாத பழைய பேப்பர் குவியல் போலத்தான் தோன்றும். நாலைந்து பக்கம் நிதானமாகப் பார்த்தால் ஒரு கேள்வி எல்லாவற்றின் அடியிலும் ஓடுவது தெரிய ஆரம்பிக்கும்: வீட்டுக்குள் அப்பா சொல்லும் 'கூடாது'வுக்கும் நாட்டுக்குள் சர்வாதிகாரி சொல்லும் 'கூடாது'வுக்கும் என்ன உறவு?

கத்தரியும் பசையும் அவருக்குப் புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இருபது வயதுக்கு முன்பே பொழுதுபோக்காகப் புத்தகம் கட்டப் பழகியவர் அவர். 1917இல் கணவரோடு ஒரு கை அச்சுப்பொறியை வாங்கி, ரிச்மண்ட் வீட்டின் சாப்பாட்டு அறையில் வைத்து, எழுத்து எழுத்தாகக் கோத்து அச்சடித்தவர். ஹோகார்த் பிரஸ் என்ற பதிப்பகம் அப்படித்தான் தொடங்கியது. தாள், பசை, மை என்றால் என்ன என்று விரலுக்கே தெரிந்த ஒருவர் ஒட்டிய நோட்டு இது. எதை எதற்குப் பக்கத்தில் வைக்கிறோம் என்பது அவருக்குத் தற்செயலான காரியமாக இருந்திருக்காது.

நறுக்குகள் எப்படிப் புத்தகமாயின? ஓர் உதாரணம் சொல்ல முடியுமா?

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1936 ஜனவரியில் 'டெய்லி டெலிகிராஃப்' இதழின் ஆசிரியருக்குக் கடிதங்கள் பகுதியில் ஒருவர் எழுதுகிறார். பெண்களின் உண்மையான இடம் வீடுதான், வேலைக்கு வந்து ஆண்களை அவர்கள் சும்மா உட்காரவைக்கிறார்கள், இன்னும் நிறைய ஆண்களுக்கு வேலை கொடுக்கும்படி அரசாங்கம் முதலாளிகளைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்கிறார். அன்றைய இங்கிலாந்தில் யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரணக் கடிதம். காலை உணவோடு படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள்.

வுல்ஃப் அதை எடுத்து இன்னொரு பத்தியின் பக்கத்தில் வைக்கிறார். ஒரு தேசத்தின் வாழ்வில் ஆணின் உலகம், பெண்ணின் உலகம் என்று இரண்டு உலகங்கள் உண்டு. குடும்பத்தையும் தேசத்தையும் காக்கும் பொறுப்பை இயற்கை ஆணிடம் தந்தது நல்லதே. பெண்ணின் உலகம் அவள் குடும்பம், கணவன், பிள்ளைகள், வீடு என்கிறது அது. பேசியவர் ஹிட்லர்.

பிறகு அவர் கேட்பது ஒரே கேள்வி. ஒன்று ஆங்கிலத்தில் எழுதப்பட்டது, மற்றது ஜெர்மனில். வித்தியாசம் எங்கே இருக்கிறது?

ஜெர்மனியில் இருக்கும் சர்வாதிகாரி பயங்கரமான பிராணி என்று ஊரே ஒப்புக்கொள்கிறது. அதே பிராணியின் குஞ்சு நம் வீட்டுக் கூரைக்குள் கூடு கட்டியிருப்பதை ஏன் யாரும் பார்க்க மறுக்கிறார்கள்? இதுதான் முழு நூலின் வாதம். இந்த வாதத்துக்குத் தத்துவ நூல் எதுவும் தேவைப்படவில்லை. அன்றாடம் வாசலில் வந்து விழும் தாளிலிருந்து இரண்டு துண்டுகள் போதுமாக இருந்தன.

அரசியலில் ஒரு உண்மையை அறிய வேண்டுமானால் குறைந்தது மூன்று தாள்களைப் படித்து, ஒரே செய்தியின் மூன்று வடிவங்களை ஒப்பிட்டு, முடிவை நீங்களே எடுக்க வேண்டும் என்று அந்த நூலில் சொல்கிறார். அதனால்தான் என் மேசையில் மூன்று நாளிதழ்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். எந்தத் தாளுக்கு யார் பணம் போடுகிறார்கள் என்று கேட்காமல் படிக்கக் கூடாது என்பது அவருடைய பிடிவாதம்.

நூலின் பின்பகுதியில் நீண்ட நீண்ட குறிப்புகள் உண்டு. பல குறிப்புகளில் தாளின் பெயரும் தேதியும் இருக்கும். ஒரு பெண் இப்படிப் பேசினால் 'உணர்ச்சிவசப்படுகிறாள்' என்று ஒதுக்குவார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் எதிர்த்தரப்பின் ஏடுகளிலிருந்தே சாட்சி கொண்டுவந்தார். இங்கே இந்திய வாசகருக்கு ஒரு சேதி: நம் நீதிமன்றங்களில் 2024 வரை நடைமுறையில் இருந்த 1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தை வரைந்தவர் வுல்ஃபின் பெரியப்பா, ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீஃபன். சாட்சி என்றால் என்ன, எது செல்லும், எது செல்லாது என்பது அந்தக் குடும்பத்தில் சாப்பாட்டு மேசைப் பேச்சு.

படங்களைப் பற்றிச் சொல்லுங்கள்.

'த்ரீ கினீஸ்' முதல் பதிப்பில் ஐந்து புகைப்படங்கள் உண்டு: ஒரு தளபதி, எக்காளம் ஊதும் அரசுக் கட்டியக்காரர்கள், ஒரு பல்கலைக்கழக ஊர்வலம், ஒரு நீதிபதி, ஒரு பேராயர். பெயர் போடவில்லை; பதவி மட்டும்தான் போட்டார். அன்றைய வாசகர்களுக்குப் பெயர் தேவைப்படவும் இல்லை. ஊர்வலத்தில் முன்னால் வருபவர் பிரதமராக இருந்த ஸ்டான்லி பால்ட்வின், பேராயர் காஸ்மோ லாங் என்று பார்த்ததுமே தெரிந்திருக்கும்.

ஆண்களின் உடையைப் பற்றி வுல்ஃப் எழுதும் பகுதியைப் படித்துவிட்டு இந்தப் படங்களைப் பாருங்கள். ஜரிகை, ரோமம், பொய்முடி, மார்பில் பதக்கம். பெண்ணின் அலங்காரத்தை ஓயாமல் கிண்டல் செய்யும் சமூகம் இந்த அலங்காரத்தைக் 'கண்ணியம்' என்று அழைக்கிறது. பட்டம், பதவி, படை மூன்றும் ஒரே துணியில் வெட்டித் தைத்தவை என்று காட்டத்தான் அந்தப் படங்கள்.

அதே நூலில் வேறு சில படங்களும் வருகின்றன, வார்த்தையில் மட்டும். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது அந்நாட்டு அரசு குண்டுவீச்சுப் படங்களை வாரம் இருமுறை போல அனுப்பிவந்தது. இறந்த குழந்தைகள், அடையாளம் தெரியாமல் சிதைந்த ஓர் உடல், சுவர் பிய்ந்து உள்ளே தெரியும் ஒரு வீடு. வரவேற்பறையாக இருந்திருக்கக்கூடிய அந்த இடத்தில் ஒரு பறவைக்கூண்டு மட்டும் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது. இந்தப் படங்களை வுல்ஃப் அச்சிடவில்லை. பதவிக்காரர்களின் படங்களை அச்சிட்டு, பிணங்களின் படங்களை நம் மனக்கண்ணில் வைத்தார். பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் பேராயரின் அங்கிக்குப் பின்னால் அந்தக் கூண்டு ஆடும்.

பிற்காலப் பதிப்புகள் பலவற்றில் அந்த ஐந்து படங்களையும் விட்டுவிட்டார்கள். பல பத்தாண்டுகள் வாசகர்கள் பாதி வாதத்தைத்தான் படித்தார்கள். நீங்கள் வாங்கும்போது படங்கள் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

நாட்குறிப்பு, கடிதங்கள் எல்லாம் அச்சில் இருக்கும்போது இந்த நோட்டை எதற்குப் பார்க்க வேண்டும்?

நாட்குறிப்பில் அவர் பேசுகிறார். நோட்டில் அவர் கவனிப்பது தெரிகிறது.

1935 ஏப்ரலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். லண்டன் லைப்ரரி என்ற சந்தா நூலகத்தின் வாசலில் நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டரைப் பார்க்கிறார். நிர்வாகக் குழுவில் பெண்களைச் சேர்க்கலாமா என்று பேசியதாகவும், கூடாது என்று முடிவானதாகவும் ஃபார்ஸ்டர் சொல்கிறார். வீட்டுக்கு வந்து நாட்குறிப்பில் கொதிக்கிறார் வுல்ஃப். கை நடுங்குவதைப் பார் என்று எழுதுகிறார். அந்தக் கொதிப்பு ஒரு நாளைய கொதிப்பு. நோட்டில் இருப்பதோ ஏழு ஆண்டுப் பொறுமை. கோபம் வரும்போது நறுக்கி, தேதி போட்டு, ஒட்டி, மூடி வைக்கிறார். அந்தக் கோபம் பதமான பிறகு புத்தகத்தில் எடுக்கும்போது கை நடுங்கவில்லை. (1940இல் அதே குழுவில் சேர அழைப்பு வந்தது. மறுத்துவிட்டார்.)

கணவர் லெனார்டுக்கு இதில் பங்கு உண்டா? அவருக்கு யாழ்ப்பாணத் தொடர்பு இருப்பதாகக் கேள்விப்பட்டேனே.

உண்டு. லெனார்ட் வுல்ஃப் 1904 முதல் 1911 வரை இலங்கையில் குடியேற்ற அரசின் அதிகாரியாக இருந்தவர். முதல் பணியிடமே யாழ்ப்பாணம்தான். பிறகு கண்டி, அம்பாந்தோட்டை. பேரரசின் இயந்திரத்துக்குள் வேலை பார்த்ததே அவரைப் பேரரசுக்கு எதிராகத் திருப்பியது. ஊருக்குத் திரும்பி, வேலையை விட்டு, 1912இல் வர்ஜீனியாவை மணந்தார். ஆப்பிரிக்காவில் ஐரோப்பியச் சுரண்டலைப் பற்றி லெனார்ட் எழுதிய நூலுக்கு வர்ஜீனியாவும் உட்கார்ந்து குறிப்பெடுத்துக் கொடுத்திருக்கிறார். அரசாங்க அறிக்கையிலிருந்து தகவலைக் கறந்தெடுக்கும் பழக்கம் அந்த வீட்டில் இருவருக்கும் பொது.

நோட்டுகள் நிறைந்துகொண்டிருந்த 1935 மே மாதத்தில் இருவரும் காரில் ஜெர்மனி வழியாகப் போனார்கள். லெனார்ட் யூதர். பான் நகருக்குப் பக்கத்தில், நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங்கின் வருகைக்காகக் கொடி பிடித்து நின்ற கூட்டத்துக்கு நடுவே கார் மாட்டிக்கொண்டது. யூதனே நமது எதிரி என்ற பதாகை தலைக்கு மேல். லெனார்டின் தோளில் எப்போதும் உட்கார்ந்திருக்கும் மிட்ஸ் என்ற சின்னஞ்சிறு மார்மோசெட் குரங்கைப் பார்த்துக் கூட்டம் குதூகலித்து வழிவிட்டது. இதை லெனார்டே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். செய்தித்தாளில் நறுக்கிய வாசகங்களை வர்ஜீனியா அன்று தெருவில் துணியில் எழுதித் தொங்கவிட்டிருக்கக் கண்டார்.

நோட்டுகள் எப்படி சசெக்ஸுக்கு வந்தன?

வர்ஜீனியா 1941 மார்ச் 28 அன்று இறந்தார். அவருடைய தாள்களை லெனார்ட் ராட்மெல் கிராமத்து மங்க்ஸ் ஹவுஸ் வீட்டில் பாதுகாத்தார். 1969இல் அவரும் இறந்தபின் வாரிசு வழியாக 1970களின் தொடக்கத்தில் அவை அருகிலிருந்த பல்கலைக்கழகத்துக்குப் போயின. நாட்குறிப்புகள் நியூயார்க் பொது நூலகத்தின் பெர்க் தொகுப்பில் இருக்கின்றன. ஒருவருடைய வலது கை ஒரு கண்டத்திலும் இடது கை இன்னொன்றிலும் இருக்கிற மாதிரிதான்.

நேரில் பார்க்க முடியுமா? இணையத்தில்?

பல்கலைக்கழகத்தின் சிறப்புத் தொகுப்புகள் 2013 முதல் பிரைட்டனுக்குப் பக்கத்தில் ஃபால்மரில் இருக்கும் 'தி கீப்' என்ற ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பொதுமக்களும் பார்க்கலாம். வாசகராகப் பதிவு செய்து, பட்டியலில் எண்ணைப் பார்த்து, முன்கூட்டியே கேட்டு வைத்துவிட்டுப் போங்கள். நலிந்த பொருளுக்கு அசலுக்குப் பதில் நகலைத் தரும் வழக்கம் காப்பகங்களில் உண்டு, ஆகவே எது கிடைக்கும் என்று கடிதத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. பேனாவுக்கு இடமில்லை, பென்சில்தான்.

அமெரிக்க ஆய்வாளர்கள் மெரி பாவ்லோவ்ஸ்கியும் வாரா நெவராவும் இந்த நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து மின்தொகுப்பாக்கினார்கள். பிரெண்டா சில்வர் 1983இல் வெளியிட்ட நூல் வுல்ஃபின் 67 வாசிப்பு நோட்டுகளை ஒவ்வொன்றாக விவரிக்கிறது. கையில் வைத்துக்கொள்ள வேண்டிய வழிகாட்டி அது.

முதல் தடவை பார்க்கும்போது எப்படிப் படிப்பது?

அவசரப்படாமல். எல்லோரும் செய்யும் தப்பு, புத்தகத்தில் வந்த மேற்கோளை நோட்டில் தேடுவது. கிடைத்ததும் 'ஆ, இங்கே இருக்கிறது' என்று குறித்துக்கொண்டு போய்விடுகிறோம். அப்படிப் பார்த்தால் ஒட்டியவருடைய மனம் நம் கைக்கு அகப்படாது.

ஒரு பக்கத்தை எடுத்து முதலில் எழுத்தைப் படிக்காமல் வெறும் படமாகப் பாருங்கள். எது மேலே, எது கீழே, எது எதிர்ப்பக்கத்தில்? தட்டச்சு எங்கே, அச்சு எங்கே, கையெழுத்து எங்கே? அப்புறம் தேதிகளைப் பாருங்கள். ஒரே வாரத்துத் துண்டுகளா, அல்லது இடையில் மாதங்கள் ஓடியிருக்கின்றனவா? ஒருவர் இரண்டு துண்டுகளை மாத இடைவெளி தாண்டிச் சேர்த்து ஒட்டினால், முதல் துண்டு அவர் நினைவில் அத்தனை நாளும் கனன்றுகொண்டிருந்தது என்று அர்த்தம்.

நறுக்கின் ஓரங்களையும் விடாதீர்கள். கத்தரி எங்கே நின்றது என்பது ஒரு முடிவு. பக்கத்துப் பத்தியின் பாதி வரி சேர்ந்து வந்திருந்தால் அதையும் வாசியுங்கள். அன்றைய வாசகருக்கு அந்தச் செய்தி எந்தச் சந்தடிக்கு நடுவே கிடைத்தது என்று அது சொல்லும்.

அடுத்தது, அதே தேதியின் முழுத் தாளைத் தேடிப் படியுங்கள். பிரிட்டிஷ் நாளிதழ்கள் பல மின்வடிவில் கிடைக்கின்றன. எதை அவர் விட்டுவிட்டார் என்று தெரிந்தால்தான் எதை எடுத்தார் என்பதன் எடை தெரியும். நான் இப்படிச் செய்து பார்த்தபோது ஒரு நாளைய தாளுக்கே ஒரு மாலைப்பொழுது போய்விட்டது. அந்த மாலையில் கற்றுக்கொண்டது ஏராளம்.

தாள்கள் ஏன் பழுத்துப்போகின்றன? பிரித்தெடுத்துத் தனித்தனியாகப் பாதுகாக்கலாமே?

செய்தித்தாள் மரக்கூழை மலிவாக அரைத்துச் செய்யும் தாள். அதிலிருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டால் மஞ்சளாகி, அமிலம் ஏறி, நாளடைவில் அப்பளம் போல நொறுங்கும். அந்த அமிலம் எதிர்ப்பக்கத்துக்கும் இறங்கி, நறுக்கின் வடிவத்திலேயே பழுப்பு நிழல் பதிக்கும். பசைக் கறை வேறு.

தனித்தனியாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் பிழைத்துக்கொள்ளும், நோட்டு செத்துவிடும். அந்த 'டெய்லி டெலிகிராஃப்' இதழ் உலகில் இன்னும் எத்தனையோ நூலகங்களில் இருக்கிறது. வுல்ஃப் அதைப் பக்கத்துத் துண்டோடு வைத்த பக்கம் ஒன்றே ஒன்றுதான். ஆகவே நல்ல காப்பகங்கள் இப்படிப்பட்ட நோட்டைக் கட்டோடு வைத்து, வெளிச்சத்தையும் ஈரத்தையும் கட்டுப்படுத்தி, முழுப் பக்கமாகப் படமெடுத்துத் தருகின்றன. உங்கள் வீட்டில் தாத்தாவோ அத்தையோ ஒட்டிய நோட்டு இருந்தால் அதற்கும் இதே விதிதான். தயவுசெய்து பிய்க்காதீர்கள், பிளாஸ்டிக் டேப் ஒட்டாதீர்கள்.

அவர் வாதத்தில் குறை இல்லையா?

இருக்கிறது, அன்றே சொல்லவும் செய்தார்கள். 'படித்த ஆண்களின் மகள்கள்' என்ற ஒரு வகுப்பின் சார்பாகத்தான் பேசுவதாக வுல்ஃப் நூலிலேயே வரம்பு கட்டிக்கொள்கிறார். தனக்குத் தெரிந்த வீட்டைப் பற்றி மட்டும் பேசும் நேர்மை அது என்று நான் மதிக்கிறேன். ஆனால் மில்லில் நின்ற பெண்ணுக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? யார்க்ஷயரைச் சேர்ந்த நெசவாலைத் தொழிலாளிப் பெண் ஒருவர் நூலைப் படித்துவிட்டு அதைத்தான் நீளமாகக் கடிதத்தில் கேட்டார். வுல்ஃப் பதில் எழுதினார். இந்த நூலுக்கு வந்த வாசகர் கடிதங்களும் சசெக்ஸில் இருக்கின்றன. நோட்டைப் பார்த்த கையோடு அவற்றையும் பாருங்கள்.

'ஸ்க்ரூட்டினி' என்ற இலக்கிய இதழில் விமர்சகர் க்யூ. டி. லீவிஸ் எழுதிய விமர்சனம் இதைவிடக் கடுமையானது. சமையலும் குழந்தையும் தெரியாத சீமாட்டியின் பேச்சு என்கிற தொனி அதில் உண்டு. நண்பர்கள் பலருக்கும் நூல் பிடிக்கவில்லை. ஸ்பெயினில் ஆம்புலன்ஸ் ஓட்டப் போய் 1937 ஜூலையில் 29 வயதில் குண்டுக்கு இரையான அக்கா மகன் ஜூலியன் பெல்லோடு மனதுக்குள் வாதாடிக்கொண்டேதான் இதை எழுதினார் என்பது எத்தனை விமர்சகர்களுக்குத் தெரிந்திருந்ததோ! ஹிட்லரைத் துப்பாக்கியால்தான் நிறுத்த முடியும் என்று ஜூலியனின் தலைமுறை நம்பியது. அந்தக் கேள்விக்கு 'த்ரீ கினீஸ்' முழுப் பதில் தரவில்லை என்றே நினைக்கிறேன். போருக்கு முந்தைய இருபது ஆண்டுகளில் வீட்டிலும் கல்லூரியிலும் என்ன செய்திருக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பதிலை நான் படித்ததும் இல்லை.

ஒரே ஒரு துண்டிலிருந்து தொடங்க வேண்டுமென்றால் எதைச் சொல்வீர்கள்?

புத்தகத்தில் வரும் 1937 டிசம்பர் 20 தேதியிட்ட 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' செய்தி. வுல்விச் நகரின் மேயரஸ் கேத்லீன் ரான்ஸ் ஒரு விற்பனை விழாவில் பேசும்போது, போருக்கு உதவியாக ஒரு காலுறையின் ஓட்டையைக்கூட நான் தைத்துத் தர மாட்டேன் என்றாராம். ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை. வுல்விச் வாக்காளர்களில் சுமார் 12,000 பேர் அங்கிருந்த ஆயுதத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் என்கிறது செய்தி.

நாலே வரி. பெண்ணிடம் சமூகம் எதிர்பார்க்கும் ஆகச் சிறிய வேலை காலுறை தைப்பது. அதை மறுத்ததும் ஊரே முகம் சுளிக்கிறது, ஏனென்றால் ஊரின் சோறு துப்பாக்கியிலிருந்து வருகிறது. அந்தச் செய்தியைப் படித்த ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர் மட்டும் அந்தப் பெண்ணின் துணிச்சலுக்குத் தன் புத்தகத்தில் இடம் கொடுத்தார். முதலில் அந்தச் செய்தியைப் படியுங்கள், பிறகு அது எந்த வாதத்தைத் தாங்கி நிற்கிறது என்று பார்க்க நூலின் மூன்றாம் பகுதியை முழுதாகப் படியுங்கள், அங்கிருந்து நோட்டுகளுக்கு வாருங்கள்.